புத்தகத்தை மூடிவிட்டு வரையும் மனவரைபடம்: வகுப்பறைக்கான ஒரு வழிமுறை

நடுவில் ஒரு பொருளை எழுதி, அதிலிருந்து சொற்களைக் கிளைகளாகப் பிரித்து வரையும் மனவரைபடம் திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளுக்குப் புதியதன்று. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்னும் பெயரில் வந்த முறையில், பாடத்தை வாசித்த பின் ஒவ்வொரு மாணவரும் மனவரைபடம் வரைவதும், பிறகு குழுவாகத் தொகுப்பதும், அதன்பின் வகுப்பின் முன் வழங்குவதும் படிநிலைகளாக இருந்தன. நல்ல நோக்கத்தோடு வகுக்கப்பட்ட அந்தப் படிநிலை, காலப்போக்கில் பல வகுப்புகளில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்ததை மாணவர் ஏட்டில் பார்த்து எழுதும் வேலையாகவோ, பார்வைக்கு வரும் அலுவலர்களுக்காகச் சுவரில் தொங்கும் வண்ண அட்டையாகவோ சுருங்கிவிட்டது. இது வருத்தத்துக்குரியது, ஏனெனில் இக்கருவிக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, பலனோ மிகுதி. மாணவர் தாமே வரைய வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும். வரைந்ததை மறுபடியும் வாக்கியங்களாக எழுத வேண்டும். இவற்றுள் ஒன்று விட்டுப்போனாலும் மனவரைபடம் ஓவியப் பயிற்சியாகிவிடும் என்பதே என் உறுதியான கருத்து.

இன்று நாம் மனவரைபடம் என்று சொல்லும் வடிவத்தைப் பரவலாக அறியச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான். 1974ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர் ஒன்றின் வழியாக அவர் இதை மக்களிடம் கொண்டு சென்றார். நடுவில் ஒரு பொருள், அதிலிருந்து நாற்புறமும் பிரியும் கிளைகள், கிளைக்கு ஒரு சொல் என்பது அவர் வகுத்த அமைப்பு. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்பவரும் அவருடைய குழுவினரும் கருத்து வரைபடத்தை உருவாக்கினர். அதில் சொற்களை இணைக்கும் கோட்டின் மேல் அவற்றின் உறவையும் எழுத வேண்டும். வகுப்பறையில் இவ்விரண்டையும் தனித்தனியாகக் காக்க வேண்டிய தேவை இல்லை. கிளை பிரிப்பதைப் புசானிடமிருந்தும், கோட்டின் மேல் உறவை எழுதுவதை நோவக்கிடமிருந்தும் எடுத்துக்கொள்வதே நமக்குப் பயன்படும்.

முதல் பாடவேளை

முதல் மனவரைபடத்தைப் பாடநூலிலிருந்து தொடங்கக் கூடாது. புதிய முறையையும் புதிய செய்தியையும் ஒரே நேரத்தில் மாணவர் மேல் ஏற்றினால் இரண்டும் நிற்பதில்லை. மாணவர் ஏற்கெனவே நன்கு அறிந்த பொருள் ஒன்றை எடுக்க வேண்டும். திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பனை பொருந்தும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு நெல், பத்தமடைக்குக் கோரைப்பாய். வீட்டுத் திண்ணையில் அன்றாடம் பார்க்கும் தொழில் கரும்பலகையில் இடம்பெறுவதைக் காணும் பிள்ளை, தனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று உணர்ந்து வாய் திறக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் மிகுந்த வகுப்புகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

பனையையே எடுத்துக்கொள்வோம். கரும்பலகையின் இடப்பக்கத்தில், பனை என்றவுடன் நினைவுக்கு வரும் சொற்களை மாணவர் சொல்லச் சொல்ல, எதையும் தள்ளாமல், வரிசைப்படுத்தாமல் எழுத வேண்டும். நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, கிழங்கு, கலயம், சுண்ணாம்பு, பனையேறி, பாளை, அரிவாள், விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடில்), கள், பெட்டி, குளக்கரை, தேரி (செம்மணல் மேடு) என்று சிறிது நேரத்தில் இருபது சொற்கள் வந்துவிடும். அடுத்து, இவற்றுள் எவை எவை ஒன்றாகச் சேரும் என்று கேட்க வேண்டும். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கோடு போடுவதிலோ வண்ணம் தீட்டுவதிலோ இல்லை. கலயத்தைப் பதநீரோடு சேர்ப்பதா, அரிவாளோடு கருவிகளில் சேர்ப்பதா என்று மாணவர் வாதிடுவார்கள். வேர், மரம், ஓலை, பாளை, காய் என்று உறுப்புவாரியாகச் சிலரும், உணவு, தொழில், இடம் என்று பயன்வாரியாகச் சிலரும் பிரிப்பார்கள். ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு பிரிவினையையும் பலகையில் அருகருகே வரைந்து காட்டி, எந்தக் கேள்விக்கு எது உதவும் என்று கேட்பது நல்லது. ஒரே செய்தியைப் பலவிதமாக வகைப்படுத்தலாம் என்பதை மாணவர் கண்ணால் காண்பது அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் இலக்கணத்துக்கும் பொதுவான அடித்தளம்.

கிளைகள் அமைந்த பின், வெவ்வேறு கிளைகளில் இருக்கும் இரண்டு சொற்களுக்கிடையே உறவு உண்டா என்று கேட்க வேண்டும். சுண்ணாம்பு ஓரிடத்தில் இருக்கும். கள் வேறிடத்தில் இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது, தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதைப் பனையேறியின் பிள்ளை வகுப்புக்கு விளக்கும். உடனே சுண்ணாம்பிலிருந்து கள்ளுக்கு ஒரு குறுக்குக்கோடு இழுத்து, அதன் மேல் ‘தடுக்கும்’ என்று எழுத வேண்டும். ஏன் தடுக்கிறது என்ற கேள்வி நுண்ணுயிரிகளுக்கும், நொதித்தலுக்கும், காரத்தன்மைக்கும் இட்டுச் செல்லும். குறுக்குக்கோடு இல்லாத மனவரைபடம் வெறும் பட்டியல்தான். அதைக் கிளை வடிவில் வரைந்ததால் மட்டும் புரிதல் கூடிவிடாது.

வரைவதற்கான சில நடைமுறைகளையும் இப்பாடவேளையிலேயே பழக்கிவிடலாம். தாளை அகலவாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுப்பொருளைச் சிறியதாக எழுத வேண்டும். பெரிதாக எழுதி வட்டமிட்டால் கிளைகளுக்கு இடம் இராது. முதன்மைக் கிளைகள் நான்கிலிருந்து ஆறுக்குள் நிற்பது நல்லது. மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அந்த அளவை நான்கின் பக்கத்துக்குக் குறைத்தார். பத்துக் கிளைகள் கொண்ட படத்தை மாணவரால் மீட்டுச் சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம். பத்துக் கிளைகள் வந்தால், எவற்றை ஒரு தலைப்பின்கீழ் சேர்க்கலாம் என்று கேட்க வேண்டும். கிளையில் ‘நீர்ப்பாசன வசதிகளை மேம்படுத்துவதற்காக’ என்று எழுத விடாமல் ‘பாசனம்’ என்று எழுதச் செய்ய வேண்டும். குறுக்குக்கோட்டின் மேல் மட்டும் தரும், தடுக்கும், சேரும், ஆகும் போன்ற வினைச்சொல் வர வேண்டும். சொற்களைத் தாளைத் திருப்பாமல் படிக்கும்படி நேராக எழுத வேண்டும். இரண்டு நிறங்கள் போதும். மாத நாட்காட்டித் தாள்களின் வெற்றுப் பின்புறம் இதற்கு மிகவும் ஏற்றது.

புத்தகத்தை மூடுவது ஏன்

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்பிக், ஜேனல் பிளண்ட் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு அறிவியல் பாடப்பகுதி ஒன்றைக் கொடுத்து, ஒரு பிரிவினரைப் பாடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரையச் செய்தனர். மற்றொரு பிரிவினரைப் பாடத்தைப் படித்துவிட்டுப் பாராமல் நினைவிலிருந்து எழுதவும், மறுபடி படித்து மறுபடி எழுதவும் செய்தனர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், நினைவிலிருந்து எழுதியவர்களே முன்னணியில் நின்றனர். அத்தேர்வையே கருத்து வரைபடம் வரையும் தேர்வாக வைத்தபோதும் அவர்களே முன்னணியில் நின்றனர். இதைக் காட்டி மனவரைபடமே வீண் என்று சொல்வோர் உண்டு. அம்முடிவை நான் ஏற்கவில்லை. அதே ஆய்வாளர்கள் 2014இல், பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து வரையும் வரைபடமும் நல்ல பலன் தருகிறது என்று காட்டினர். எனவே குறை வரைபடத்தில் இல்லை. பார்த்து வரைவதில் இருக்கிறது. மனத்திலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சியே அதை மனத்தில் பதிக்கிறது. புத்தகம் திறந்திருக்கையில் அம்முயற்சிக்குத் தேவையே எழுவதில்லை.

ஆகவே நாற்பது நிமிடப் பாடவேளையை இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடங்கள் பாடப்பகுதியை, அதிகம் போனால் இரண்டு பக்கங்களை, மாணவர் அடிக்கோடிடாமலும் குறிப்பெடுக்காமலும் வாசிக்கட்டும். பிறகு புத்தகங்களை மூடி மேசைக்கடியில் வைக்கச் சொல்லி, அடுத்த பத்து நிமிடங்களில் நினைவில் நிற்பதை நீல மையால் தனித்தனியாக வரையச் செய்ய வேண்டும். இந்நேரத்தில் வகுப்பில் ஒரு தவிப்பு எழும். சிலர் மூன்று சொற்களோடு நின்றுவிடுவார்கள். ஆசிரியர் உதவிக்கு ஓடக் கூடாது. அதன்பின் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, விடுபட்டவற்றையும் தவறாக எழுதியவற்றையும் பென்சிலால் அல்லது வேறு நிறத்தால் சேர்க்கவும் திருத்தவும் சொல்ல வேண்டும். நீலம் அவருக்குத் தெரிந்தது. மற்ற நிறம் அவர் அடுத்து படிக்க வேண்டியது. ஆசிரியர் ஏடுகளைப் பார்க்கையில் இரண்டாம் நிறத்தை மட்டும் பார்த்துச் சென்றாலே, வகுப்பு முழுவதும் எந்த இடத்தில் இடறியது என்பது விளங்கிவிடும். ஒரு வாரம் கழித்து, அதே தலைப்பை வெற்றுத் தாளில் மறுபடி வரையச் செய்ய வேண்டும். மீண்டும் கற்பிக்காமல், பழைய தாளைக் காட்டாமல் இதைச் செய்ய வேண்டும்.

தாமிரபரணியை வரையும்போது

நீர்வளப் பாடத்தின்போது உள்ளூர் ஆற்றை எடுத்துக்கொண்டால் மனவரைபடத்தின் வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரியும். நடுவில் தாமிரபரணி. பொதிகையில் தோற்றம், துணையாறுகள், அணைகள், அணைக்கட்டுகள், சாகுபடி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னைக்காயல் முகத்துவாரம் என்று கிளைகள் பிரியும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழில் அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைகள் கூட, நீரைத் தேக்கும் அணையையும், நீரைத் தடுத்துக் கால்வாய்க்குத் திருப்பும் அணைக்கட்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. நினைவிலிருந்து வரையும்போது மணிமுத்தாறு அணையின் பக்கத்தில் மருதூர் அணைக்கட்டை எழுதும் மாணவர் இக்குழப்பத்தைத் தாமே வெளிப்படுத்துகிறார். வாய்மொழிக் கேள்விகளில் இது எளிதில் மறைந்துவிடும். துணையாறுகளிலும் அவ்வாறே: கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று பெயர்களை ஒப்பிக்கும் மாணவர், சிற்றாறு சீவலப்பேரியில் கலக்கிறது என்ற இடச்செய்தியைக் கிளையின் நுனியில் எழுத வேண்டி வரும்போதுதான் அதைக் கருதிப் பார்க்கிறார். கார், பிசானம் என்னும் இரு நெல் சாகுபடிப் பருவங்களிலிருந்து தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளுக்குக் குறுக்குக்கோடு இழுக்கும் மாணவர், இந்த ஆறு இரு பருவமழைகளாலும் பயன்பெறுகிறது என்பதைச் சொல்லித்தராமலே கண்டுகொள்வார்.

ஆனால் எட்டு அணைக்கட்டுகளை ஒரு கிளையில் தொங்கவிடும்போது ஒரு செய்தி தொலைந்துபோகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் வரிசை ஆறு பாயும் வரிசை. மேலே எடுத்தது போக மீதிதான் கீழே வரும். கன்னடியன் கால்வாயில் நீர் பாயும் நாளில் ஸ்ரீவைகுண்டம் தென்கால்வாய் விவசாயி காத்திருப்பதற்கான காரணம் அந்த வரிசையில் அடங்கியிருக்கிறது. மனவரைபடத்தில் எல்லாக் கிளைகளும் நடுவிலிருந்து சம தொலைவில் நிற்பதால் முன்பின் என்பது அதற்குத் தெரியாது. எனவே இவ்விடத்தில் தாளின் ஓரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு நீளக்கோடு போட்டு, எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து இருபுறமும் பிரியும் பதினொரு கால்வாய்களையும் குறிக்கச் செய்ய வேண்டும். வகையும் உறவும் கேட்கும் செய்திக்கு மனவரைபடம், வரிசை கேட்கும் செய்திக்கு நீளக்கோடு என்று மாணவரே தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டால், அது எந்தப் பாடத்துக்கும் உதவும்.

வரலாற்றுக்கும் இது பொருந்தும். 1908 மார்ச் 13 அன்று நிகழ்ந்த திருநெல்வேலி எழுச்சியை நடுவில் வைத்தால் கப்பல், ஆலை, கைது, எழுச்சி நாள், பின்விளைவு என்று கிளைகள் வரும். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் ஒரு கிளையில். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்றொரு கிளையில். மார்ச் 12இல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் கைது வேறொரு கிளையில். மாணவர் பலர் கப்பலையும் ஆலையையும் இரு வேறு கதைகளாகவே மனத்தில் வைத்திருப்பர். ஆங்கிலேயர் வணிகத்தை எதிர்த்துக் கடலில் போட்டியிட்டவரே ஆலைத் தொழிலாளரின் கூலிக்காகவும் குரல் கொடுத்தார் என்பதைக் குறுக்குக்கோடாக இழுத்த பிறகு, அவர் கைதானபோது கடைகள் அடைக்கப்பட்டதும், அரசு அலுவலகங்கள் தீக்கிரையானதும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதும் ஏன் என்பது அவர்களுக்கு விளங்கத் தொடங்கும். காலக்கோடு நாள்களைத் தரும். காரணங்களை இந்தக் குறுக்குக்கோடுகளே தரும். பத்தாம் வகுப்பு மாணவர் காலக்கோட்டைத் தேர்வுக்காக எப்படியும் பழகுவார்கள் என்பதால், அதனோடு இதையும் ஒரே தாளில் வரையச் செய்வது கூடுதல் சுமையாகாது.

இலக்கணத்தில் வகைகள் வரும் இடங்களுக்கு, பெயர்ச்சொல்லின் ஆறு வகைகளுக்கோ எட்டு வேற்றுமைகளுக்கோ, மனவரைபடம் நன்றாக உதவும். கணக்கின் வழிமுறைகளுக்கும், மனப்பாடச் செய்யுளுக்கும், படிப்படியாக நிகழும் அறிவியல் செயல்முறைகளுக்கும் இதை வற்புறுத்த வேண்டாம்.

குழுவும் வாக்கியமும்

தனியே வரைந்த பிறகே குழு கூட வேண்டும். முதலிலேயே நால்வருக்கு ஒரு தாள் கொடுத்தால், வேகமாக எழுதும் ஒருவர் எழுத மற்ற மூவர் பார்த்திருப்பர். ஒவ்வொருவரும் தம் தாளோடு வந்து, நண்பரின் தாளில் இருந்து தம்மிடம் இல்லாத ஒரு சொல்லையேனும் கேட்டு எழுதிக்கொள்வது நல்ல ஏற்பாடு. எழுத்தில் தடுமாறும் மாணவருக்குச் சொல்லுக்குப் பதிலாகச் சிறு படம் வரைய இசைவளிக்கலாம். ஆனால் அப்படத்தைக் காட்டி அவர் வாய்மொழியாக விளக்க வேண்டும். அழகாக வரையும் மாணவரை மட்டும் பாராட்டும் பழக்கத்தை ஆசிரியர் விட்டுவிட வேண்டும். மதிப்பெண் தருவதாயின், குறுக்குக்கோடுகளுக்கும் அவற்றின் மேல் எழுதிய வினைச்சொல் சரியானதா என்பதற்கும் தர வேண்டும். நிறத்துக்கும் கோட்டின் வளைவுக்கும் தர வேண்டியதில்லை.

இம்முறையில் பெரும்பாலோர் கைவிட்டுவிடும் பகுதி, படத்தை வாக்கியமாக்குவது. தேர்வில் மாணவர் வாக்கியங்களாகத்தான் விடை எழுதப் போகிறார். படத்தோடு நின்றுவிட்டால் சொற்கள் உதிரியாகவே இருந்துவிடும். கிளைகளுக்கு 1, 2, 3 என்று எழுதும் வரிசையில் எண் இடச் செய்து, ஒவ்வொரு கிளையையும் ஒரு பத்தியாக எழுதச் சொல்ல வேண்டும். எந்தக் கிளைக்கு முதல் எண் என்ற தீர்மானமே ஒரு கட்டுரைப் பயிற்சி. சுண்ணாம்பு, தடுக்கும், கள் என்ற மூன்று சொற்களிலிருந்து, ‘பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதால் பதநீர் புளித்துக் கள்ளாக மாறுவது தடுக்கப்படுகிறது’ என்னும் முழு வாக்கியத்தை மாணவர் தாமே கட்டுகிறார். கோட்டின் மேல் வினைச்சொல் இருந்தமையால்தான் அவ்வாக்கியம் எளிதில் அமைந்தது. வினைச்சொல் எழுதாத கோடுகளில் மாணவர் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். அவ்விடத்தில் அவருக்குச் சொல் தெரியும், உறவு தெரியாது என்று பொருள்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஃப்ரீபிளேன் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் தமிழிலேயே மனவரைபடம் வரையலாம். குழு தொகுத்ததைப் பெருந்திரையில் காட்டவும் பிறகு மாற்றவும் அது வசதியானது. நினைவிலிருந்து முதன்முதலாக வரைவதற்குத் தாளும் பேனாவுமே மேல். தட்டச்சில் கை தேடும் எழுத்திலேயே கவனம் சென்றுவிடும்.

வரைந்த தாள்களில் நாளும் தலைப்பும் எழுதி, பாடவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவைக்கச் செய்ய வேண்டும். பருவத் தேர்வுக்கு முன் அத்தாள்களை எடுத்துப் படிக்கச் சொல்வதைக் காட்டிலும், தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி, புதிய தாளில் வரையச் செய்து, அதன் பின்னரே பழைய தாளை எடுத்து ஒப்பிடச் சொல்வது பயன் தரும். ஆசிரியரோ வழிகாட்டி நூலோ தயாரித்த மனவரைபடத்தை நகலெடுத்துக் கொடுக்க நேர்ந்தால், அதுவும் இந்த ஒப்பிடும் கட்டத்தில், மாணவரின் தாள் நிறைந்த பிறகு மட்டுமே வகுப்புக்குள் வர வேண்டும்.